திருச்சியிலிருந்து புறப்பட்ட இரு படைகள்

தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் திருச்சிராப்பள்ளி நகரிலிருந்து இரண்டு நடைப்பயணங்கள் புறப்பட்டன. முதலாவது 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் வேதாரண்யம் நோக்கிச் சென்ற உப்புச் சத்தியாகிரகப் படை. மற்றொன்று 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் சென்னை நோக்கிச் சென்ற தமிழர் படை. இரண்டிலும் நடந்தவர்கள் ஏறக்குறைய நூறு பேர். முன்னதற்குத் தலைமை தாங்கியவர் இராஜாஜி. பின்னது அவருடைய ஆட்சியின் ஆணை ஒன்றை எதிர்த்து நடந்தது. எட்டே ஆண்டுகளில் ஒரே மனிதர் படைத்தலைவராகவும் படையால் எதிர்க்கப்படுபவராகவும் ஆன இந்த மாற்றம் பலரால் பலவாறு பேசப்பட்டுள்ளது. ஒரு கூட்டத்தை நடத்திச் செல்பவர் குறிக்கோளை எவ்வாறு வகுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல விடை தரும்.

ஓராண்டில் சுயராஜ்யம்

உப்புப் போருக்குப் பத்தாண்டுகள் முன்னர், 1920-ஆம் ஆண்டின் இறுதியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், ஒத்துழையாமைத் தீர்மானத்தை உறுதி செய்தது. ஓராண்டில் சுயராஜ்யம் கிட்டும் என்று காந்தியடிகள் உறுதி கூறினார். சுயராஜ்யம் என்பது எது, அது வந்துவிட்டதை எவ்வாறு அறிவது என்பது மட்டும் வரையறுக்கப்படவில்லை. அவரவர் தத்தம் கனவை அச்சொல்லில் ஏற்றிக்கொண்டனர். வரி இல்லாத நாடு என்று உழவர் எண்ணினர். வேலை நிறைந்த நாடு என்று படித்தோர் எண்ணினர்.

1921-ஆம் ஆண்டு பெஜவாடாவில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி, அந்தப் பெருஞ்சொல்லின் கீழ் மூன்று எண்களை நிறுத்தியது. திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய். காங்கிரசுக்கு ஒரு கோடி உறுப்பினர். நாட்டில் 20 இலட்சம் இராட்டைகள். கெடு ஜூன் 30. நிதி கோடியை எட்டியது. உறுப்பினர் தொகை எட்டவில்லை. ஆயினும் எது முடிந்தது, எது முடியவில்லை என்பதாவது எல்லோருக்கும் தெரிந்தது. சுயராஜ்யத்தைப் பற்றி அவ்வாறு எவராலும் சொல்ல இயலவில்லை. ஆண்டு முடிந்தது, சுயராஜ்யம் வரவில்லை. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டுக் காவலர் 22 பேர் உயிரிழந்தபோது காந்தியடிகள் இயக்கத்தையே நிறுத்திவிட்டார். அதற்குப் பின் வந்த சோர்வு பல்லாண்டுகள் நீடித்தது.

பதினொன்றிலிருந்து ஒன்று

1929 டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவில், லாகூரில் இராவி நதிக்கரையில், முழு விடுதலையே குறிக்கோள் என்று காங்கிரஸ் அறிவித்தது. 1930 ஜனவரி 26-இல் நாடெங்கும் உறுதிமொழி எடுக்கப்பட்டது. குறிக்கோள் முன்னினும் பெரிதாயிற்று. ஆனால் உறுதிமொழி எடுத்து வீடு திரும்பிய குடியானவர் மறுநாள் காலையில் எதைச் செய்வது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

காந்தியடிகள் அதற்கு விடை தேடிய முறை நோக்கத்தக்கது. அம்மாத இறுதியிலேயே அவர் அரசின் முன் பதினொரு கோரிக்கைகளை வைத்தார். மதுவிலக்கு, நிலவரியைப் பாதியாகக் குறைத்தல், இராணுவச் செலவைப் பாதியாகக் குறைத்தல், அயல்நாட்டுத் துணிக்குத் தீர்வை, அரசியல் கைதிகளின் விடுதலை, உப்பு வரி ஒழிப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். முழு விடுதலை கேட்டவர் இப்படிச் சில்லறைப் பட்டியல் நீட்டுவதா என்று உடனிருந்தவர்களே வியந்தனர். ஆனால் பட்டியலில் இருந்த ஒவ்வொன்றும் தருகிறேன் என்றோ தரமாட்டேன் என்றோ அரசு விடை சொல்லியாக வேண்டிய ஒன்று.

அப்பதினொன்றிலிருந்து அவர் உப்பைத் தேர்ந்தெடுத்தார். நிலவரி மறுப்பே தக்கது என்று வல்லபபாய் படேல் போன்றோர் கருதினர். உப்புக்கும் நாட்டு விடுதலைக்கும் உள்ள தொடர்பு முதலில் தமக்குப் பிடிபடவில்லை என்று ஜவஹர்லால் நேரு பின்னாளில் எழுதினார். ஆங்கில நாளேடுகள் நகைத்தன. வைசிராய் இர்வினுக்கும் இது உறக்கத்தைக் கெடுக்கும் செய்தியாகத் தோன்றவில்லை.

உப்பின் தகுதி எளிமையானது. 1882-ஆம் ஆண்டின் உப்புச் சட்டம் உப்பு விளைவிக்கும் உரிமையை அரசின் கையில் வைத்திருந்தது. ஏறக்குறைய 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு ஒன்றேகால் ரூபாய் வரி விதிக்கப்பட்டிருந்தது. செல்வரும் வறியரும் உண்ணும் பொருள் அது. வறியவருக்கே அவ்வரி மிகுதியாக உறுத்தியது. நிலவரியை மறுக்க நிலம் வேண்டும். நீதிமன்றத்தைப் புறக்கணிக்க வழக்கறிஞராக இருக்க வேண்டும். கடற்கரையில் படிந்த உப்பை அள்ளக் கை இருந்தால் போதும். அள்ளிய கணமே சட்டம் மீறப்பட்டுவிட்டது. செயல் முடிந்ததா இல்லையா என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

அதன் குறையும் வெளிப்படை. கடலில்லாத உள்நாட்டில் உப்புக்கு எங்கே போவது? ஆதலால் மத்திய மாகாணத்தில் காட்டுச் சட்டங்கள் மீறப்பட்டன. பீகாரில் சௌக்கிதாரி வரி மறுக்கப்பட்டது. கள்ளுக்கடை மறியலும் துணிக்கடை மறியலும் எங்கும் நடந்தன. ஒவ்வொரு வட்டாரமும் தன்னால் இயன்ற ஒன்றைத் தனக்கெனத் தேடிக்கொண்டது.

மார்ச் 12-ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்ட பயணம் 240 மைல் கடந்து ஏப்ரல் 5-இல் தண்டியை அடைந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்து மைல். குஜராத் வித்தியாபீட மாணவர் குழு ஒன்று முன்கூட்டியே சென்று ஒவ்வோர் ஊரிலும் தங்குமிடத்துக்கு ஏற்பாடு செய்தது. ஊரின் மக்கள் தொகை என்ன, இராட்டைகள் எத்தனை, உப்புச் செலவு எவ்வளவு என்ற விவரங்களையும் அது திரட்டித் தந்தது. உணவு எளிதாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையும் ஊர்களுக்குப் போயிற்று. பெரும் எழுச்சியாக உலகம் கண்ட அந்தப் பயணத்தின் அடியில் இத்தகைய கணக்கேட்டு வேலை இருந்தது.

வேதாரண்யம்

தண்டியைத் தமிழகத்தில் எவ்வாறு செய்வது என்பது இராஜாஜி முன்னிருந்த கேள்வி. அவ்வாண்டு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், அதன் தலைமையிடத்தைச் சென்னையிலிருந்து திருச்சிக்கு மாற்றினார். நகரத்து அரசியலின் பூசல்களுக்கு அப்பால், காவிரிப் படுகையின் ஊர்களை ஒட்டி அலுவலகம் அமைந்தது. குறிக்கோள் முதலில் முடிவாயிற்று; இடம் அதற்கேற்ப மாறியது.

போரிடும் களமும் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டது. வேதாரண்யத்தில் உப்பு இயற்கையாகவே சதுப்பு நிலத்தில் விளைந்து கிடந்தது. உள்ளூரில் வேதரத்தினம் பிள்ளை போன்ற செல்வாக்குடைய துணைவர் இருந்தார். திருச்சியிலிருந்து தொலைவு ஏறக்குறைய 150 மைல்; பதினைந்து நாளில் நடந்துவிடலாம். இங்கும் நாளொன்றுக்குப் பத்து மைல் என்ற கணக்கே. புறப்படும் நாள் தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாளும் அதுவே. டாக்டர் தி. சே. சௌ. இராஜன் இல்லத்திலிருந்து படை புறப்பட்டது. ஆயிரக்கணக்கில் மக்களைத் திரட்டியிருக்கக்கூடிய தலைவர் நூறு பேர் அளவில் நிறுத்திக்கொண்டார். பட்டினியையும் அடியையும் தாங்கித் திருப்பி அடிக்காதவர் எத்தனை பேர் கிடைப்பார்களோ அத்தனை பேரே அவருக்குத் தேவைப்பட்டனர். அவருக்கு அப்போது வயது 51. ஆஸ்துமா நோயும் உண்டு.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் தோர்ன், சத்தியாகிரகிகளுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 157-ஆம் பிரிவின்படி ஆறு மாதச் சிறைக்கு உள்ளாவர் என்று அறிவித்தார். படையை நேராகத் தாக்காமல் அதன் வயிற்றைத் தாக்கும் திட்டம் அது. கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் கைதானார். இருந்தும் உணவு நிற்கவில்லை. வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டன என்றும், ஆற்று மணலில் பானைகள் புதைத்து வைக்கப்பட்டன என்றும் அவ்வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். அரசின்மீது பற்று என்று ஒன்று அம்மாவட்டத்தில் இருந்திருந்தால் அது இப்போது மறைந்துவிட்டது என்னும் கருத்துப்பட அந்தக் கலெக்டரே எழுத நேர்ந்தது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றுண்டு. சோற்றுப் பொட்டலம் கட்டிய பெண்மணி எந்தத் தீர்மானத்தையும் படித்தவர் அல்லர். படை எங்கே போகிறது, எப்போது தம் ஊரைக் கடக்கும், எதற்காகப் போகிறது என்ற மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தன. அதனால் தாம் செய்ய வேண்டியது எது என்பதை எவரும் சொல்லாமலே அவர் அறிந்துகொண்டார். வேதாரண்யத்தில் ஒரு காவலருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்த வைரப்பன், அவர் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டுச் சிறை சென்ற செய்தியும் இவ்வகையது. அவருக்கு அவ்வூரில் நினைவுத் தூண் உண்டு.

ஏப்ரல் 28-இல் படை வேதாரண்யத்தை அடைந்தது. 30-ஆம் நாள் காலை உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். தலைவர் போனதும் படை கலையவில்லை. அடுத்தவர் முன்வந்தார், அவர் போனதும் அதற்கடுத்தவர். ருக்மிணி லட்சுமிபதி அங்கு சிறை சென்று, உப்புப் போரில் சிறைப்பட்ட முதற் பெண்மணி என்ற பெயர் பெற்றார். அள்ள வேண்டியது உப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், ஒருவர் இல்லாவிடினும் வேலை நின்றுவிடவில்லை.

ஒரு பாடலின் பணி

இப்படைக்கு நடைப்பாட்டு இயற்றித் தந்தவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. தமிழகம் அறிந்த அப்பாடல் அணியலங்காரங்களால் நிலைத்ததன்று. அது இரண்டே செய்திகளைச் சொன்னது. இது ஆயுதம் ஏந்தாத போர். சத்தியம் நிலைபெறும் என்று நம்புகிறவர் எவராயினும் இதில் சேரலாம். ஒன்று படையின் விதி, மற்றொன்று அழைப்பு. அலுவலகச் சுற்றறிக்கை செய்ய வேண்டிய பணியை அப்பாடல் செய்தது. சுற்றறிக்கையால் செய்ய இயலாததையும் செய்தது. நூறு பேர் ஒரே விதியை ஒரே மூச்சில், காலடியின் தாளத்தில், பதினைந்து நாள் சொல்லிக்கொண்டே நடந்தால் அது மறக்கக்கூடியதன்று. தெளிவு என்பது கவிதைக்குக் குறை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கணக்கு முடித்தல்

1931 மார்ச் 5-ஆம் நாள் காந்தி – இர்வின் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்ற போரின் முடிவில் கிடைத்தது என்ன? உப்பு விளையும் பகுதிகளை அடுத்து வாழ்வோர் தம் வீட்டுத் தேவைக்கும் தம் ஊருக்குள் விற்பனைக்கும் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை கிடைத்தது. வன்முறையில் ஈடுபடாத கைதிகள் விடுதலை பெற்றனர். உப்பு வரி ஒழியவில்லை, நிலவரி குறையவில்லை, முழு விடுதலை பற்றிப் பேச்சே இல்லை. நேரு மனம் வருந்தினார். அம்மாதம் 23-ஆம் நாள் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது இளைஞரின் சினம் காந்தியடிகள்மீது பாய்ந்தது. உப்பு வரி முழுவதும் நீங்குவதற்கு 1947-ஆம் ஆண்டின் இடைக்கால அரசு வரை காத்திருக்க நேர்ந்தது.

சிறு குறிக்கோளைத் தேர்ந்தால் சிறு பயனே கிட்டும் என்ற குறைகூறல் இதிலிருந்து எழுகிறது. அதனை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஆனால் 1922-இன் சோர்வோடு 1931-ஐ ஒப்பிட வேண்டும். முன்னது முடிந்தபோது எதை இழந்தோம், எதை ஈட்டினோம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பின்னது முடிந்தபோது குறையைக்கூட எண்ணிச் சொல்ல முடிந்தது. அதற்கும் மேலாக, காவிரிக்கரையில் சட்டத்துக்கு அஞ்சாமல் சோறு கட்டியவர்கள் இருந்தார்கள். அரசுக்கு அஞ்சுவது என்ற பழக்கம் ஓர் ஊரில் ஒரு முறை உடைந்துவிட்டால், அதை உடன்படிக்கையில் எழுதிச் சேர்க்கவும் முடியாது. எழுதி நீக்கவும் முடியாது.

இரண்டாவது படை

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான இராஜாஜி, தாம் கற்ற பாடத்தை மறக்கவில்லை. பதினொரு கோரிக்கைகளில் ஒன்றான மதுவிலக்கை அவர் மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் விதிக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மட்டும் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். குறுகிய களம், குறித்த நாள், செலவுக்கு வழி. வேதாரண்யத்தின் கணக்கு அப்படியே தெரிகிறது.

அதே கைவண்ணம் மற்றோர் ஆணையிலும் இருந்தது. 1938 ஏப்ரலில் மாகாணத்தின் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எண் உண்டு, எல்லை உண்டு, நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடும் உண்டு. இல்லாதது ஒன்றே. யாருடைய பிள்ளைகள் அதைக் கற்க வேண்டுமோ அவர்களில் பெரும்பகுதியினர் அதைத் தம் குறிக்கோளாகக் கொள்ளவில்லை. உப்பு ஒவ்வொரு வீட்டின் கலத்திலும் ஏற்கெனவே இருந்தது. இந்தி வெளியிலிருந்து வந்தது.

அதன் விளைவே திருச்சியிலிருந்து புறப்பட்ட இரண்டாவது படை. குமாரசாமிப் பிள்ளை, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், பட்டுக்கோட்டை அழகிரி ஆகியோர் நடத்திய அப்படை 42 நாள் நடந்து செப்டம்பர் 11-இல் சென்னையை அடைந்தது. வழியில் 234 சிற்றூர்களையும் 60 நகரங்களையும் கடந்து 87 பொதுக்கூட்டங்கள் நடத்தியது. அதன் கோரிக்கை ஒன்றே: ஆணையைத் திரும்பப் பெறுக. பாரதிதாசனின் இந்தி எதிர்ப்புப் பாடல்கள் அந்நாட்களில் எழுச்சியூட்டின. போராட்டத்தில் ஏறத்தாழ 1,200 பேர் கைதாயினர். சிறைப்பட்ட நடராசன், தாளமுத்து ஆகிய இளைஞர் இருவர் 1939-இல் உயிரிழந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை போர்க் காரணத்தால் பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் எர்ஸ்கின் ஆட்சி கட்டாய இந்தி ஆணையை நீக்கியது.

எதிர்த்தவர் கையாண்ட முறை எதிர்க்கப்பட்டவருடையது. அதே ஊர், அதே அளவு படை, ஊர் ஊராகத் தங்கிச் செல்லும் அதே பயணம், அதே ஒற்றைக் கோரிக்கை. வேதாரண்யப் பயணம் தமிழகத்துக்குக் கற்பித்துச் சென்ற பாடத்தை அதன் ஆசிரியரே மறுபக்கத்திலிருந்து காண நேர்ந்தது.

தெளிவான குறிக்கோள், நடைமுறைக்கு ஒத்த குறிக்கோள் என்ற இரண்டும் ஒரு கூட்டத்தை நடத்துபவருக்கு இன்றியமையாதவை. 1920-இன் சுயராஜ்யம் அவை இல்லாமையால் தளர்ந்தது. 1938-இன் ஆணையோ அவை இருந்தும் தோற்றது. நடக்கப் போகிறவர்கள் அதைத் தமதாக ஏற்றிருக்கிறார்களா என்பதே மூன்றாவது கேள்வி. முதலிரண்டையும் தலைவர் தம் மேசையில் அமர்ந்து முடிவு செய்துவிடலாம். மூன்றாவதை ஊருக்குள் சென்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நினைவு நடைப்பயணம் செல்கிறது. அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணருகே உப்பு அள்ளப்படுகிறது. இப்போது அதற்காக எவரும் சிறை செல்வதில்லை. ஆயினும் மரக்கிளையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தின் கதையைச் சொல்லாமல் அப்பயணம் எந்த ஊரையும் கடப்பதில்லை. தலைவரின் பெயரை நினைவில் வைத்திருக்கும் ஊர், தான் செய்ததை அதைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.